லாக் எங்கே போனது? பைத்தான் லாகிங்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த ஆர்டர் புரோகிராம் பதினோரு மாலை ஆர்டர்களை விழுங்கிவிட்டது. ஏப்பம்கூட விடவில்லை. கடைக்காரர் என்னைப் பேசியதை இங்கே எழுத வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, என்னோடு வேலை செய்யும் தம்பி கடைக் கணினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, லாக் ஃபைல் இருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லக்கா. பூஜ்யம் பைட்.”

லாக் என்பது புரோகிராம் தான் செய்வதை வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்பு. அந்தப் பூஜ்யமே ஒரு துப்புதான். கோப்பு உருவாகியிருக்கிறது என்றால் அதைத் திறந்து வரிகளை எழுதும் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது. வரிகள்தான் அதன் கைக்கு வந்து சேரவில்லை. பார்த்தால், லாகிங்கை அமைக்கும் பேசிக்கான்ஃபிக் கட்டளையில் கோப்பின் பெயரைக் கொடுத்த நான் லெவலை, அதாவது எவ்வளவு முக்கியமான வரி முதல் எழுத வேண்டும் என்ற அளவை, கொடுக்க மறந்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் தேதிக் கட்டத்தில் தேதி போடாமல் ‘தைப்பூசத்தன்று’ என்று எழுதியிருக்கிறார்கள். அது புரியாத புரோகிராம் ஆர்டரைத் தள்ளிவிட்டு, தள்ளிய சேதியை இன்ஃபோ லெவலில் சொல்லியிருக்கிறது. லெவல் கொடுக்காத இடத்தில் இன்ஃபோ காற்றோடு போயிற்று. ஆர்டரைத் தள்ளுவதை வார்னிங்கில் சொல்லாமல் இன்ஃபோவில் சொன்னதும் என் தப்புதான்.

அதற்குப் பிறகு தம்பிக்காக எழுதி வைத்த குறிப்பைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பைத்தான் லாகிங்கில் கை வைத்த முதல் சில வாரங்களில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்த்துத் தட்டுங்கள். லாகரைக் கேட்டு வாங்கும் கெட்லாகர் என்பதில் நடுவில் வரும் எல் பெரிய எழுத்து. பைத்தானில் இப்படி எழுதுவது வழக்கமில்லை. 2003-இல் பைத்தான் 2.3-உடன் இந்த மாட்யூல் வந்தபோது ஜாவாவின் லாக்4ஜே பாணியை ஒட்டி எழுதினார்கள். பெயர்களும் அந்தச் சாயலிலேயே நின்றுவிட்டன.

முதலில் வழியைப் பார்ப்போம்

நாம் எழுதச் சொல்லும் வரியை முதலில் வாங்கிக்கொள்வது லாகர். அதனிடம் ஒரு வரியைச் சொன்னதும் அது நேராகக் கோப்புக்குப் போவதில்லை. முதலில் லாகரின் லெவல் அதைச் சோதிக்கிறது. டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எர்ரர் 40, கிரிட்டிக்கல் 50. லாகருக்கென்று லெவல் எதுவும் வைக்கவில்லை என்றால் அது 0. அப்போது பெற்றோர் லாகரைக் (பெயரில் கடைசிப் புள்ளிக்கு முன்னால் இருப்பதை) கேட்கும், அதுவும் 0 என்றால் அதற்கு மேலே, கடைசியில் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் ரூட் லாகரைக் கேட்கும். ரூட்டின் லெவல் தொடக்கத்திலேயே 30. அங்கே தப்பிய வரி, அந்த லாகரில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் போகும். ஹேண்ட்லருக்கும் தனியாக ஒரு லெவல் உண்டு. பிறகு ப்ராபகேட் (வரியை மேலே அனுப்பு என்ற அமைப்பு) ட்ரூவாக இருந்தால் பெற்றோரின் ஹேண்ட்லர்களுக்கு, அவற்றின் பெற்றோரின் ஹேண்ட்லர்களுக்கு என்று ரூட் வரை ஏறும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரி மேலே ஏறும்போது பெற்றோர் லாகரின் லெவலை யாரும் பார்ப்பதில்லை. பெற்றோரின் ஹேண்ட்லர் லெவலை மட்டும்தான் பார்க்கிறார்கள். ‘ரூட்டை எர்ரரில் வைத்தேன், ஆனாலும் டீபக் வந்து கொட்டுகிறதே’ என்றால் பிள்ளை லாகருக்கு யாரோ தனியாக டீபக் லெவல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஊகிக்காமல் முதலில் இந்த நாலு வரியை ஓட்டுங்கள். பிழை வரும் இடத்துக்குச் சற்று மேலே, அதே புரோசஸுக்குள் ஓட்ட வேண்டும். தனியாக ஒரு ஷெல்லைத் திறந்து ஓட்டினால் பிரயோசனமில்லை.

எல் = லாகிங்.கெட்லாகர்("கடை.ஆர்டர்")
வைல் எல்:
    பிரிண்ட்(எல்.நேம், எல்.லெவல், எல்.டிசேபிள்ட், எல்.ப்ராபகேட், எல்.ஹேண்ட்லர்ஸ்)
    எல் = எல்.பேரண்ட்

அன்றைக்குப் பூக்கடையில் வந்தது இது:

கடை.ஆர்டர்  0  ஃபால்ஸ்  ட்ரூ  []
ரூட்  30  ஃபால்ஸ்  ட்ரூ  [ஃபைல்ஹேண்ட்லர் … (நாட்செட்)]

படித்துப் பாருங்கள். பிள்ளைக்கு லெவல் இல்லை, ரூட்டைக் கேட்கிறது. ரூட் 30 என்கிறது. 20 உள்ள இன்ஃபோ வாசலிலேயே நின்றுவிட்டது. கோப்பு ஹேண்ட்லர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது, யாரும் வரவில்லை. இரண்டே வரியில் முழுக் கதையும் இருக்கிறது. கீழே வரும் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்களை இந்த நாலு வரியே காட்டிக் கொடுத்துவிடும்.

அறிகுறி: இம்போர்ட் செய்ததுமே, ‘லாகிங் மாட்யூலில் கெட்லாகர் என்று ஒன்றும் இல்லை’ என்கிறது

உங்கள் கோப்பின் பெயரைப் பாருங்கள். லாகிங் டாட் பை என்று வைத்திருப்பீர்கள். பைத்தான் தன் மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம், நானும் செய்திருக்கிறேன்.

அறிகுறி: வார்னிங் வருகிறது, இன்ஃபோவும் டீபக்கும் வரவில்லை

லெவல் பிரச்சினை என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனால் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை வார்னிங் வரியின் முகத்தைப் பார்த்தே சொல்லலாம்.

நேரம் இல்லை, பெயர் இல்லை, நீங்கள் எழுதிய செய்தி மட்டும் மொட்டையாக வருகிறதா? அப்படியானால் எந்த ஹேண்ட்லரும் எங்கேயும் மாட்டப்படவில்லை. கையில் எதுவுமே இல்லாதபோது கடைசிப் புகலிடமாகப் பைத்தானே ஒரு ஹேண்ட்லர் வைத்திருக்கிறது. 3.2-இல் வந்தது அது. வார்னிங்கும் அதற்கு மேலும்தான் காட்டும், ஃபார்மேட் எதுவும் செய்யாது. நீங்கள் இன்னும் எதையும் அமைக்கவில்லை என்று அது சொல்கிறது.

‘வார்னிங்:ரூட்:’ என்று முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறதா? லாகரைக் கூப்பிடாமல் லாகிங்.வார்னிங் என்று மாட்யூலையே நேராகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ரூட்டில் ஹேண்ட்லர் இல்லாதபோது இப்படிக் கூப்பிட்டால் அது சத்தமில்லாமல் தானே பேசிக்கான்ஃபிக்கை ஓட்டிவிடும். இந்தச் சின்ன உபகாரம் அடுத்த அறிகுறிக்கு வித்து.

நிவாரணம் எளிது. புரோகிராம் தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு தடவை:

லாகிங்.பேசிக்கான்ஃபிக்(ஃபைல்நேம்="ஆர்டர்.லாக்", லெவல்=லாகிங்.இன்ஃபோ, என்கோடிங்="யுடிஎஃப்-8")

மற்ற எல்லாக் கோப்புகளிலும் தலையில் கெட்லாகர் ஒரு வரி, அடைப்புக்குள் அந்த மாட்யூலின் நேம் மாறி. அவ்வளவுதான். லெவலையோ ஹேண்ட்லரையோ வேறெங்கும் தொட வேண்டாம். லைப்ரரி எழுதுகிறவர்கள் இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும். நல்ஹேண்ட்லர் ஒன்றை மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். எங்கே எழுதுவது என்று முடிவு செய்வது வீட்டுக்காரர் வேலை, விருந்தாளி வேலை இல்லை.

அறிகுறி: பேசிக்கான்ஃபிக் போட்டிருக்கிறேன், அது இல்லாதது போலவே நடக்கிறது

ரூட்டில் ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கான்ஃபிக் ஒன்றுமே செய்யாது. பிழை சொல்லாது, எச்சரிக்காது, வந்த வழியே திரும்பிப் போய்விடும். மேலே சொன்ன லாகிங்.வார்னிங் மாதிரி ஒன்று அதற்கு முன்பே ஓடியிருக்கலாம். அல்லது நீங்கள் இம்போர்ட் செய்த ஏதோ ஒரு லைப்ரரி முந்திக்கொண்டிருக்கலாம். சில நோட்புக் சூழல்களும் தொடங்கும்போதே ரூட்டில் ஒன்றை மாட்டிவிடும்.

உறுதி செய்ய, பேசிக்கான்ஃபிக்குக்கு ஒரு வரி முன்னால் ரூட்டின் ஹேண்ட்லர்ஸ் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். காலியாக இல்லை என்றால் ஆள் அகப்பட்டார். 3.8 முதல் ஃபோர்ஸ்=ட்ரூ என்று சேர்த்தால் பழைய ஹேண்ட்லர்களைக் கழற்றி மூடிவிட்டுப் புதிதாக மாட்டும். எனக்கு அது அவசர வைத்தியம்தான். அமைப்பை மற்ற இம்போர்ட்டுகளுக்கு முன்னால் தூக்கி வைப்பதுதான் நோய்க்கு மருந்து.

அறிகுறி: தொடக்கத்தில் வந்தது, நடுவில் நின்றுவிட்டது

நாலு வரிச் சோதனையில் மூன்றாவதாக டிசேபிள்ட் என்று ஒன்றை அச்சிட்டோம் அல்லவா? அது ட்ரூ என்று வந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

முழு அமைப்பையும் ஒரே டிக்ஷனரியாகக் கொடுக்கும் டிக்ட்கான்ஃபிக்குக்கு டிசேபிள்-எக்ஸிஸ்டிங்-லாகர்ஸ் என்று ஒரு சாவி உண்டு. நீங்கள் எழுதாமல் விட்டால் ட்ரூ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அமைப்பு ஓடும் நேரத்துக்கு முன்பே பிறந்து, அமைப்பில் பெயர் இல்லாத லாகர்கள் எல்லாம் வாயடைக்கப்படும். மாட்யூலின் தலையில் கெட்லாகர் எழுதுவதுதான் நல்ல பழக்கம் என்று இப்போதுதான் சொன்னேன். அப்படி எழுதியவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பழைய ஃபைல்கான்ஃபிக்கிலும் இதே கதை. டேட்டாபேஸ் மைக்ரேஷனுக்கு அலெம்பிக் வைத்திருப்பவர்கள், புரோகிராமுக்குள்ளிருந்தே மைக்ரேஷனை ஓட்டியதும் லாக் நின்றுபோனால், அலெம்பிக் உருவாக்கிக் கொடுத்த என்வி கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஃபைல்கான்ஃபிக் வரி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சாவியை ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுதாத டிக்ட்கான்ஃபிக்கை நான் ரிவ்யூவில் விடுவதில்லை.

அறிகுறி: ஒரே வரி இரண்டு முறை, மூன்று முறை வருகிறது

கேள்விகளில் அதிகம் வருவது இதுதான். ஹேண்ட்லரைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, அதோடு புரோகிராம் ஓட ஓட எண்ணிக்கை ஏறுகிறது: முதல் ஆர்டருக்கு ஒரு வரி, இரண்டாவதற்கு இரண்டு, பத்தாவதற்குப் பத்து. அப்படியென்றால் ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் ஆட்ஹேண்ட்லர் இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பிலும் இன்னொன்றை மாட்டுகிறது. கெட்லாகர் ஒவ்வொரு முறையும் புது லாகர் தருகிறது என்று நினைத்துத்தான் இப்படி எழுதுகிறார்கள். அது ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே லாகரைத்தான் தரும். நீங்கள் மாட்டிய ஹேண்ட்லர் எல்லாம் அதே கொக்கியில்தான் தொங்குகிறது, சாமி படத்துக்கு மேல் மாலை மேல் மாலையாகப் போடுவது மாதிரி. தம்பி எழுதிய ஒரு கோடில், சனிக்கிழமை மாலைக்குள் லாகரின் ஹேண்ட்லர்ஸ் பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் இருந்தது. புரோகிராம் ஏன் இழுக்கிறது என்று இணைய வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

இரண்டும் ஒரே செய்தி, ஆனால் தோற்றம் வேறு; ஒன்றில் நேரம் இருக்கிறது, மற்றதில் இல்லை. அப்படியென்றால் பிள்ளை லாகரில் ஒரு ஹேண்ட்லர், ரூட்டில் ஒரு ஹேண்ட்லர். ப்ராபகேட் வழியாக வரி மேலே ஏறி அங்கேயும் எழுதப்படுகிறது. இணையத்தில் உடனே கிடைக்கும் பதில் ‘ப்ராபகேட்டை ஃபால்ஸ் ஆக்கு’ என்பது. வேலை செய்யும், ஆனால் நாளைக்கு பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில், லாக் வரிகளைப் பிடிக்கும் கேப்லாக் வைத்துச் சோதனை எழுதும்போது வரிகள் அங்கே வராது, ஏனென்றால் கேப்லாக் ரூட்டில் உட்கார்ந்துதான் பிடிக்கிறது. அப்போது இந்த ஃபால்ஸை யார் போட்டது, எப்போது போட்டது என்று தேடுவீர்கள். பிள்ளை லாகரின் ஹேண்ட்லரைக் கழற்றிவிட்டு ரூட்டில் மட்டும் வைத்துக்கொள்வதே என் கட்சி.

தொடக்கத்தில் மட்டும் இரட்டித்து வருகிறதா? ஃபார்மேட்டில் புரோசஸ் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வரிக்கும் எண் வேறு என்றால் ஓடுவதே இரண்டு புரோசஸ். வலைத்தளம் எழுத உதவும் ஃபிளாஸ்க்கை டீபக் முறையில் ஓட்டும்போது, கோடு மாறினால் மறுபடி தொடங்க வைக்கும் ரீலோடர் இப்படித்தான் செய்யும். லாகிங்கில் குற்றம் இல்லை.

அறிகுறி: கோப்பே காணோம்

கோப்பு இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. வெறும் பெயர் கொடுத்தால் அது புரோகிராம் கோப்பு இருக்கும் இடத்தில் உருவாகாது. புரோகிராமை எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினீர்களோ அங்கே உருவாகும். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் ஓட்டினால் அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டர். லினக்ஸில் பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் என்றால், வேறு சொல்லாதவரை, மரத்தின் உச்சியான வெறும் சாய்கோடு. சாதாரணப் பயனராக ஓடினால் அங்கே எழுத அனுமதியும் இருக்காது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தைக் காலியாக விட்டால் சிஸ்டம்32-க்குள் போய் நிற்கும்.

தேடி அலைய வேண்டாம். கோப்பு ஹேண்ட்லரிடம் பேஸ்ஃபைல்நேம் என்று ஒன்று இருக்கிறது. அதை அச்சிட்டால் முழுப் பாதையும் வரும். பிறகு பாதையைப் புரோகிராம் கோப்பிலிருந்து கணக்கிட்டு முழுசாகக் கொடுங்கள். ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்க வேண்டும். ஹேண்ட்லர் கோப்பைத்தான் உருவாக்கும், ஃபோல்டரை உருவாக்காது.

அறிகுறி: ஆங்கிலப் பெயர் சரியாக வருகிறது, தமிழ்ப் பெயர் வந்தால் கெடுகிறது

நம் ஆட்களுக்கு இது கட்டாயம் வரும். பூக்கடையில் ஆர்டர் கொடுத்தவர் தன் பெயரைத் தமிழில் எழுதுகிறார், சரம் ‘மல்லி 5 முழம்’ என்று வருகிறது. திரையில் அழகாகத் தெரிகிறது. கோப்பில் இரண்டில் ஒன்று நடக்கும்.

ஒன்று, ‘லாகிங் எர்ரர்’ என்று கோடு கிழித்த தலைப்போடு ஒரு நீண்ட ட்ரேஸ்பேக் (பிழை எந்த வழியாக வந்தது என்ற தடம்) திரையில் வந்து விழும். நடுவில் ‘சார்மேப்’ என்ற சொல் இருக்கும். புரோகிராம் நிற்காது, தொடர்ந்து ஓடும். ஆனால் அந்த வரி கோப்பில் இருக்காது. திரை பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அந்த ட்ரேஸ்பேக்கை யார் பார்ப்பது? தமிழ்ப் பெயர் உள்ள ஆர்டர்கள் மட்டும் லாக்கில் இல்லாமல் போகும்; மேலே இருந்து பார்த்தால் யாரோ பொறுக்கி எடுத்து அழித்தது போலத் தெரியும்.

இன்னொன்று, வரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாகப் பின்சாய்கோடு, யூ என்ற எழுத்து, பிறகு நான்கு குறியீடுகள் என்று ஒரு மந்திரம் எழுதியிருக்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறைதான் என்கோடிங். அதைச் சொல்லாமல் விட்டால் பைத்தான் விண்டோஸின் வட்டார என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். இங்கே பல கடைக் கணினிகளில் அது சிபி1252. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது, தமிழுக்கு அதில் இடமே கிடையாது. ஃபைல்ஹேண்ட்லரை நீங்களே கையால் உருவாக்கினால் முதல் வகைச் சேதம். பேசிக்கான்ஃபிக் வழியாகப் போனால், 3.9 முதல் அது முடியாத எழுத்தைப் பின்சாய்கோட்டுக் குறியாக மாற்றி எழுதுகிறது, அதனால் இரண்டாம் வகை. திரையில் மட்டும் ஏன் சரியாக வருகிறது? 3.6 முதல் விண்டோஸ் கன்சோலோடு பைத்தான் யுடிஎஃப்-8 வழியாகப் பேசுகிறது, அதனால்தான். ‘என் கணினித் திரையில் நன்றாகத்தானே தெரிகிறது’ என்ற வாதம் இந்த விஷயத்தில் செல்லாது.

மருந்து: கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்="யுடிஎஃப்-8". பேசிக்கான்ஃபிக்கில் இந்தச் சாவி 3.9-இல்தான் வந்தது; அதற்குப் பழைய பைத்தான் என்றால் ஃபைல்ஹேண்ட்லரை நீங்களே உருவாக்கி என்கோடிங் கொடுத்து, ஹேண்ட்லர்ஸ் பட்டியலாக உள்ளே அனுப்புங்கள். ஏற்கெனவே பின்சாய்கோடாக விழுந்த வரிகளை மீட்கலாம், அந்த நான்கு குறியீடும் யூனிகோடு எண்தான். தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. முதல் வகையில் போனது போனதுதான்.

அறிகுறி: நேரம் எட்டு மணி பின்தங்கி இருக்கிறது

கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) ஓட்டுகிறீர்கள், அதன் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. லாகிங் மாட்யூல் உள்ளூர் நேரத்தைத்தான் கேட்கும். கன்டெய்னரைக் கேட்டால் அதற்கு உள்ளூர் என்பதே யுடிசி. மலேசியா யுடிசிக்கு எட்டு மணி முன்னால். (தீபகற்பம் ஏழரை மணியில் இருந்தது; 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரை மணி முன்னே தள்ளி எட்டாக்கினார்கள். நம் அம்மா அப்பா காலத்துப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கு அந்த அரை மணி தொல்லை தரும்.)

டி-இசட் என்ற சூழல் மாறியில் ஆசியா/கோலாலம்பூர் என்று வைத்தால் சரியாகும். மெலிந்த இமேஜ்களில் நேர மண்டலத் தகவலே இல்லாமல் இருக்கலாம். அப்போது அந்தப் பொதியையும் நிறுவ வேண்டும். எது வைத்தாலும் சரி, லாக் வரியில் +0800 என்ற வால் இருக்கட்டும். தேதி வடிவத்தில் சதவீதக் குறியும் சிறிய இசட்டும் சேர்த்தால் வரும். ஆனால் தேதி வடிவத்தை நீங்களே கொடுத்தால் இயல்பாக வரும் மில்லிசெகண்ட் போய்விடும். வேண்டுமானால் எம்செக்ஸ் என்ற புலத்தைத் தனியாக ஃபார்மேட்டில் சேர்க்க வேண்டும்.

இதே காரணத்தால் வரும் வேடிக்கை: நள்ளிரவில் கோப்பு மாற வேண்டும் என்று டைம்டுரொட்டேட்டிங் வைத்திருப்பீர்கள், அது காலை எட்டு மணிக்கு மாறும். கடை திறந்து முதல் கோப்பி குடிக்கும் நேரத்தில் முந்தைய நாள் லாக் மறைந்து புதிது தொடங்கும்.

அறிகுறி: கோப்பு ஊதிக்கொண்டே போகிறது, மாறவே இல்லை

ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லரில் மேக்ஸ்பைட்ஸ், பேக்கப்கவுன்ட் இரண்டில் எது 0 ஆனாலும் மாற்றமே நடக்காது. அளவை மட்டும் கொடுத்துவிட்டு எத்தனை நகல் என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

விண்டோஸில் மாறும் நேரத்தில் ‘வின்எர்ரர் 32’ வந்தால், இன்னொரு புரோசஸ் அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் இந்தப் பிழைகூட வராது. பல வொர்க்கர்கள் ஒரே கோப்பை மாற்றப் போய் வரிகள் கமுக்கமாகத் தொலையும். பல புரோசஸ்கள் ஒரே கோப்பில் எழுதுவதை இந்த மாட்யூல் ஆதரிப்பதில்லை. கியூஹேண்ட்லர் வைத்து எல்லோரும் ஒரு வரிசையில் போட, ஒருவர் மட்டும் எடுத்து எழுதட்டும். கன்டெய்னரில் என்றால் கோப்பே வேண்டாம்; திரைக்கு எழுதிவிட்டு மற்றதை வெளியே இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: ‘பிழை’ என்கிறது, என்ன பிழை என்று சொல்லவில்லை

எக்ஸெப்ட் பகுதிக்குள் எர்ரர் என்று கூப்பிடாமல் எக்ஸெப்ஷன் என்று கூப்பிடுங்கள். எர்ரர் லெவலிலேயே எழுதும், ட்ரேஸ்பேக்கையும் சேர்க்கும்.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று: ‘எல்லா ஆர்க்யுமென்டும் மாற்றப்படவில்லை’ என்று டைப்எர்ரர். பிரிண்ட் பழக்கத்தில் காற்புள்ளி போட்டு மதிப்பைக் கொடுத்துவிட்டு, செய்தியில் அதற்குச் சதவீதக் குறியிட்ட இடம் விடவில்லை. இடம் விட்டால் சரி.

அறிகுறி: வாடிக்கையாளரின் ஐசி நம்பர் லாக்கில் கிடக்கிறது

இதை அறிகுறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எதுவும் உடையாது. நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். கல்யாண மாலை, மணவறை அலங்காரம் என்று முன்பணம் கட்டுகிறவர்களின் ஐசி (அடையாள அட்டை) நம்பரைக் கடையில் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். ஆர்டர் முழுவதையும் அப்படியே இன்ஃபோவில் கொட்டும் ஒரு வரி வழியாக அது லாக்குக்கும் வந்துவிட்டது. மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டை எண்ணின் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒரு வரியில் ஆளின் பாதி ஜாதகம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர் 15-இல். தரவைப் பத்திரமாக வைப்பதோடு, தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதன் கோட்பாடுகளில் உண்டு. பூக்கடை சின்னது என்று அது விலகிப் போகாது.

முதல் வேலை, அப்படிக் கொட்டும் வரியை எடுத்துவிட்டு ஆர்டர் எண்ணை மட்டும் எழுதுவது. அதற்கு மேல் ஒரு வலையாக, ஆறு-இரண்டு-நான்கு என்ற வடிவத்தில் வரும் இலக்கங்களை நட்சத்திரமாக்கும் ஃபில்டர் ஒன்று எழுதினேன். எழுதிவிட்டு ரூட் லாகரில் மாட்டினேன். ஐசி நம்பர் முன்போலவே வந்துகொண்டிருந்தது. லாகரில் மாட்டிய ஃபில்டர் அந்த லாகரிடமே நேராகச் சொன்ன வரிகளுக்கு மட்டும்தான். பிள்ளை லாகரில் பிறந்து மேலே ஏறி வரும் வரி அதைச் சந்திப்பதே இல்லை. ஹேண்ட்லரில் மாட்ட வேண்டும்.

மாட்டினேன், நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஒன்று தலைகாட்டியது, இந்தத் தடவை ட்ரேஸ்பேக்கின் கடைசி வரியில்: ‘இந்த எண் செல்லாது’ என்று வேலிடேஷன் எழுப்பிய பிழைக்குள்ளேயே எண் இருந்தது. ட்ரேஸ்பேக் எழுத்தாக மாறுவது, வரிக்குக் கடைசி வடிவம் கொடுக்கும் ஃபார்மேட்டரில், அதாவது ஃபில்டர் கடந்த பிறகு. ஆகவே மறைக்கும் வேலையை ஃபார்மேட்டருக்கு நகர்த்தினேன். அதன் ஃபார்மேட் மெத்தட் தரும் முழு எழுத்தையும் கடைசியாக ஒரு தடவை சலித்து அனுப்புகிறது. கோடில்லாமல் பன்னிரண்டு இலக்கமாக எழுதுகிறவர்களும் உண்டு, அந்த வடிவத்தையும் சேர்த்தேன்.

பிறகு பழைய கோப்புகள். ரொட்டேட் ஆன ஏழு நகலையும் அழித்தோம். எல்லாம் முடிந்தது என்று பையைத் தூக்கியபோது கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு பென்டிரைவை நீட்டினார். “தங்கச்சி, தைப்பூசக் கலாட்டாவுல உங்க தம்பி இதுலயும் ஒரு காப்பி எடுத்து வச்சாரும்மா. இதையும் பாக்கணுமா?”

பார்த்தேன். அதிலும் இருந்தது.